குரோஷாவில் கை இல்லாத ஸ்வெட்டர்: முதல்முறை பின்னுபவர்களுக்கு

குரோஷாவில் முதல் உடுப்பாகப் பின்ன ஏற்றது கை இல்லாத ஸ்வெட்டர்தான். முன்பக்கம், பின்பக்கம் என இரண்டே துண்டுகள். கை பின்னித் தோளில் பொருத்தும் தொல்லை இல்லை. செயின், சிங்கிள், ஹாஃப் டபுள் என்ற மூன்று அடிப்படை ஸ்டிச்சும் உங்களுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பெயர்கள் அமெரிக்க வழக்கில் உள்ளவை. பிரிட்டிஷ் பேட்டர்னில் இதே ஹாஃப் டபுள், ஹாஃப் ட்ரெபிள் என்று இருக்கும்.

மார்பளவு 36 அங்குலம் உள்ளவருக்கான கணக்கு இது. சட்டைக்கு மேல் போடுவதால் 4 அங்குலம் தளர்வு விட்டு மொத்தச் சுற்றளவு 40, ஒரு துண்டு 20 அங்குல அகலம்.

நடுத்தரத் தடிமனான வொர்ஸ்டெட் நூல் சுமார் 450 கிராம், 5 மி.மீ. குரோஷா ஊசி (நுனியில் கொக்கி உள்ளது), விளிம்புப் பட்டைக்கு 4 மி.மீ. ஊசி, சில ஊக்குகள், நுனி மழுங்கிய தையல் ஊசி இருந்தால் போதும். நூல் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குங்கள். லேபிளில் உள்ள டை லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய தொகுதியின் எண்) எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாறினால் ஒரே சிவப்பு கூட நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டதுபோல் தெரியும். ஊட்டிக் குளிருக்கு அக்ரிலிக் அல்லது கம்பளி, சென்னையில் ஏசி அறைக்குப் பருத்தி. ஊசியில் என் தேர்வு ரப்பர் பிடி வைத்த அலுமினியம். மூங்கில் ஊசியில் அக்ரிலிக் வழுக்கிப் போகாது, விரல் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

முதலில் ஹாஃப் டபுளில் 6 அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, தட்டையாகக் காயவைத்து, நடுவில் 4 அங்குலத்தை அளந்து எண்ணுங்கள். 14 ஸ்டிச், 10 வரிசை வர வேண்டும். 13 ஸ்டிச்தான் வருகிறது என்றால் ஸ்வெட்டர் 43 அங்குலமாகிவிடும்; ஊசியை ஒரு அளவு சின்னதாக்குங்கள். துவைக்காமல் எண்ணுவதில் பயனில்லை.

அடிப்பட்டை: சின்ன ஊசியில் 9 செயின் போட்டு, இரண்டாவது செயினிலிருந்து 8 சிங்கிள். அப்புறம் ஒவ்வொரு வரிசையும் பின் லூப்பில் (ஸ்டிச்சின் தலையில் உள்ள இரண்டு இழைகளில் பின்னால் இருப்பதில்) மட்டும் 8 சிங்கிள். இப்படி 70 வரிசை. பட்டையைக் குறுக்காகத் திருப்பி, பெரிய ஊசியில் வரிசைக்கு ஒன்றாக 70 ஹாஃப் டபுள் எடுத்தால் உடம்பு தொடங்கிவிட்டது. அதோடு சேர்த்து 30 வரிசை நேராகப் பின்ன வேண்டும்.

இங்கேதான் நிதானம் வேண்டும். திரும்பும்போது போடும் 1 செயினை ஸ்டிச்சாக எண்ணக் கூடாது. முதல் ஹாஃப் டபுள் அந்தச் செயினின் அடியில் உள்ள ஸ்டிச்சிலேயே விழ வேண்டும். மறுமுனையில் கடைசி ஸ்டிச்சின் தலை, பழைய செயினோடு ஒட்டிப் பாதி மறைந்து கிடக்கும். அதை விட்டால் வரிசைக்கு ஒன்று குறையும். செயினிலேயே குத்தினால் ஒன்று கூடும். பத்து வரிசையில் துண்டு சரிந்துவிடும். வரிசையின் முதல் ஸ்டிச் போட்டதும் அதன் தலையில் ஒரு ஊக்கு மாட்டுங்கள். அடுத்த வரிசையின் கடைசி ஸ்டிச் அந்த ஊக்கு இருக்கும் இடத்தில்தான். இரண்டு ஊக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போகலாம். கண் பழகிய பிறகும் ஐந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அக்குள்: பின்பக்கத்தில் முதல் 6 ஸ்டிச்சை ஸ்லிப் ஸ்டிச்சால் (ஊசியைக் குத்தி நூலை எல்லா லூப் வழியாகவும் ஒரே இழுப்பில் எடுப்பது) கடந்து, கடைசி 6 ஸ்டிச்சைப் பின்னாமல் விடுங்கள். மீதி 58. அந்த வரிசை தொடங்கி 6 வரிசைக்கு இரு ஓரத்திலும் இரண்டு ஸ்டிச்சை ஒன்றாகச் சேர்த்துப் பின்னி ஒவ்வொன்று குறைத்தால் 46. அக்குளிலிருந்து மொத்தம் 20 வரிசை முடிந்ததும் நூலை வெட்டலாம்.

முன்பக்கமும் அக்குள் வரை அதேதான். அங்கே 58ஐ 29, 29 எனப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாகப் பின்னி வி கழுத்து தொடங்குகிறோம். அக்குள் ஓரத்தில் முன்போலவே 6 குறையும். கழுத்து ஓரத்தில் 1, 2ஆம் வரிசைகளிலும், பிறகு 4, 6, 8 என 20 வரை இரட்டைப்படை வரிசைகளிலும் ஒவ்வொன்றாக மொத்தம் 11 குறையும். தோளுக்கு 12 ஸ்டிச் மிஞ்சும். பின்பக்கத்திலும் ஓரத்துக்கு 12 எடுத்தால் நடுவில் கழுத்துக்கு 22.

தோள்களை 12க்கு 12 சேர்த்துத் தையுங்கள். பக்கவாட்டில் தைக்கும் முன் வரிசைக்கு வரிசை ஊக்கு குத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பட்டை ஏறி இறங்கும். கழுத்துக்கும் அக்குளுக்கும் சின்ன ஊசியில் இரண்டு சுற்று சிங்கிள், ஓரத்தில் 2 வரிசைக்கு 3 வீதம். விளிம்பு அலை அலையாக வந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், சுருங்கினால் கூட்டுங்கள். வி முனையில் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ஸ்டிச்சை ஒன்றாகச் சேர்த்தால்தான் கூராக நிற்கும்.

பிற்சேர்க்கை: முன்பக்கத்தின் இரண்டாம் பாதி சிலருக்கு முதல் பாதியைப் போலவே வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். புது நூலை ஓரத்திலிருந்து 36ஆம் ஸ்டிச்சில், முதல் பாதியை ஆரம்பித்த அதே திசையில் இணையுங்கள். அப்படியானால் முதல் வரிசை கழுத்துக் குறைப்பில் தொடங்கி அக்குள் குறைப்பில் முடியும். முதல் பாதியில் இருந்த வரிசைக்கு நேர் எதிர். கடைசி 6 ஸ்டிச் பின்னப்படாமல் நிற்க வேண்டும்.