கேபிள் அளவு பார்க்க எந்தக் கருவி?

கேபிளின் வெளி விட்டம் மட்டும் போதுமென்றால் வெர்னியர் காலிப்பர் தாராளம். கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டைத் தேர்வு செய்ய அதுவே உதவும். உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்கு, 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர்தான் என் தேர்வு.

மின்சாரத்தைத் துண்டித்து, இன்சுலேஷனை நீக்கி, ஓர் இழையின் விட்டத்தை அளக்கவும். அதை அதே விட்டத்தால் பெருக்கி, பிறகு 0.785 ஆலும் இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு சதுர மி.மீ. கணக்கில் கிடைக்கும். ஒற்றைக் கம்பி 1.78 மி.மீ. என்றால் ஏறக்குறைய 2.5 சதுர மி.மீ. முறுக்கிய இழைகளை மொத்தமாகப் பிடித்து அளக்காதீர்கள். இடைவெளியும் சேர்ந்துகொண்டு கம்பியைத் தடிமனாகக் காட்டும்.

துளைகளுள்ள வயர் கேஜ் தகடு விரைவானதுதான். ஆனால் அது பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா என்று பார்த்து வாங்குங்கள்: 10ஆம் எண் முன்னதில் 3.25 மி.மீ., பின்னதில் 2.59 மி.மீ.