செவர்லே சி-10 பிக்கப்: கேபினைப் பார்த்து வாங்குங்கள், பெயிண்டைக் கடைசியில் அடியுங்கள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு பழைய பிக்கப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கணும் என்று யார் கேட்டாலும் 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 பக்கம்தான் நான் கை காட்டுவேன். ஃபோர்டு எஃப்-100 ஆட்கள் கோபப்படுவார்கள், படட்டும். அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த வண்டிக்குப் புது உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. எல்எம்சி டிரக் மாதிரி கடைகளின் கேட்டலாக்கைப் புரட்டினால் முன் கிரில்லில் ஆரம்பித்து கதவுக் கைப்பிடிக்கு அடியில் போடுகிற ரப்பர் வரை எல்லாம் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் இன்ஜின் போயிருந்தாலும், சீட் கிழிந்திருந்தாலும், முன் மட்கார்டு நசுங்கியிருந்தாலும் பயப்பட வேண்டாம். உங்கள் காசையும் மாதக்கணக்கில் நேரத்தையும் விழுங்கப் போவது ஒன்றே ஒன்றுதான்: கேபினில் பிடித்திருக்கும் துரு. விளம்பரத்தில் "சூப்பரா ஓடுது" என்று போட்டிருப்பதை இரண்டாவதாகப் பாருங்கள்.

வண்டியை அடையாளம் காண்பது சுலபம். 'சி' என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும், 'கே' என்றால் நான்கும் இழுக்கும், 10 என்பது அரை டன் ரகம். 1967-இல் சாதாரணமாக வந்த வண்டிகளில் பின் கண்ணாடி சின்னதாக இருக்கும். 68-லிருந்து பக்கவாட்டில் மார்க்கர் விளக்கு உண்டு. 71, 72-இல் கட்டம் கட்டமான கிரில், முன்னால் டிஸ்க் பிரேக், மேல் ரகமாக ஷயான். பின்னால் சரக்கு ஏற்ற ஆறரை அடி தொட்டி வைத்த ஷார்ட் பெட் வண்டிக்குத்தான் எல்லோரும் அலைகிறார்கள், விலையும் அதற்குத்தான் ஏறிக் கிடக்கிறது. எட்டடி லாங் பெட் வண்டி மலிவு. அதை வாங்கி சேஸியை நடுவில் 12 இன்ச் வெட்டி ஒட்டி, 127 இன்ச் வீல்பேஸை 115 ஆக்குகிறவர்கள் நிறையப் பேர். நல்ல வெல்டர் கையில் அது ஒழுங்காகவே வரும், ஆனால் முதல் வண்டியிலேயே சேஸியில் கை வைக்காதீர்கள் என்பேன். லாங் பெட்டை லாங் பெட்டாகவே வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பார்க்கப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், ஒரு வாளித் தண்ணீர் போதும். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடுகிற ராக்கர் பேனல், கேபினின் பின்பக்கக் கீழ் மூலை, வீல் ஆர்ச் ஓரம் என்று வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். அப்புறம் முன் கண்ணாடிக்கு அடியில் பானெட் முடிகிற இடத்தில் காற்றுத் துளைகள் இருக்கும், அதில் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நல்ல வண்டியாக இருந்தால் தண்ணீர் உள்வழியாகவே இறங்கி, முன் மட்கார்டுக்குப் பின்னால் கதவுக் கீல் பக்கமாகத் தரையில் கொட்டும். கொட்டாமல் கால் மிதிக்கும் தரை விரிப்புக்கு மேலே, பக்கவாட்டில் உள்ள கிக் பேனலிலிருந்து சொட்டினால் உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தை வெளியிலிருந்து எட்டவும் முடியாது. விற்கிறவர் "அது சும்மா ரப்பர் போயிருக்கும்" என்பார். தலையாட்டிவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள். மேலே மழைநீர் வழிகிற டிரிப் ரெயில், கேபினைச் சேஸியோடு பிணைக்கும் முன் மவுண்ட், விரிப்பைத் தூக்கினால் தெரியும் தரை, இந்த மூன்றையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். டெக்சாஸ், அரிசோனா பக்கத்து வண்டிகள் வெயிலில் டேஷ்போர்டு வெடித்துப் போய் அசிங்கமாக இருக்கும், ஆனால் தகரம் கெட்டியாக இருக்கும். பனிக்கு ரோட்டில் உப்புப் போடுகிற மாநிலத்து வண்டி நேர் எதிர்.

கதவுத் தூணில் வண்டியின் அடையாள எண் பொறித்து ரிவெட் அடித்த வின் தகடு இருக்கும். அதில் உள்ள எண்ணும் டைட்டில் என்கிற உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கணும். கிளவ் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டியிருக்கும் தாள் பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம், அந்த வண்டி ஃபேக்டரியை விட்டு எந்த நிறத்தில், என்னென்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்பது அதில் இருக்கும். பெயிண்ட் அடிக்க வசதியாக இருக்கட்டுமே என்று வின் தகட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள், சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் கை அரிக்கும், ஒரே வார இறுதியில் மொத்தத்தையும் கழற்றிப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். விற்பனைக்கு வரும் பாதி முடிந்த புராஜெக்ட்டுகளில் பல அப்படிப் போனவைதான், அட்டைப்பெட்டி நிறைய போல்ட்டும் எது எங்கே போகும் என்று தெரியாத பிராக்கெட்டுமாக. முதலில் வண்டி ஓடணும், அதைவிட முக்கியமாக நிற்கணும். ஓடுகிற நிலையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகக் கை வையுங்கள்.

பல வருஷம் நின்ற இன்ஜினில் நேராகச் சாவியைத் திருப்ப வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள், அப்புறம் கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல சகுனம். எட்டு சிலிண்டர் வி8 என்றால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு அந்தத் துளை வழியாக ஆயில் பம்பை டிரில் மெஷினால் ஓட்டி, மேலே ராக்கர் ஆர்ம் வரை எண்ணெய் ஏறுகிறதா என்று பார்க்கலாம். திரும்ப மாட்டும்போது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசை, 1-8-4-3-6-5-7-2. டேங்கில் கெட்டுப்போன பெட்ரோலை நம்பாதீர்கள், தனி கேனிலிருந்து குழாய் போட்டு ஓட்டுங்கள். ரப்பர் பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மாற்றணும்.

அந்த டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள், உங்கள் முதுகுக்குப் பின்னால், சீட்டை ஒட்டி. சுமார் 20 கேலன் பெட்ரோலை முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். உள்ளே பெட்ரோல் வாடை அடிப்பது இந்த வண்டிகளின் நிரந்தரப் புகார், 1973 மாடலில் கம்பெனியே டேங்கைக் கேபினுக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. என்னைக் கேட்டால் கஸ்டமைஸ் செய்கிறவர் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்: தொட்டிக்கு அடியில், பின்புறச் சேஸிக்கு நடுவே டேங்கை மாற்றுவது. அதற்கான கிட் தயாராகக் கிடைக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இடமும் மிச்சம்.

பிரேக்குக்கு வருவோம். 70 வரை வந்த வண்டிகளில் நான்கு சக்கரமும் டிரம். இன்றைய ஹைவே வேகத்துக்கு முன்னால் டிஸ்க் போட்டே ஆகணும். 71, 72 வண்டியின் முன் பாகங்களை, சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மோடு சேர்த்து எடுத்து மாற்றுகிறவர்கள் உண்டு, ஆனால் அங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பழைய வண்டிக்குச் சக்கரத்துக்கு ஆறு போல்ட், 71-லிருந்து ஐந்து. முன்னால் மட்டும் மாற்றினால் முன்சக்கரம் பின்னால் சேராது, ஸ்டெப்னி எதற்காவது ஒன்றுக்குத்தான் உதவும். ஒன்று பின் ஆக்சிலையும் ஐந்து போல்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லை ஆறு போல்ட்டுக்கென்றே விற்கும் டிஸ்க் கிட்டை வாங்குங்கள். டிஸ்க்குக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரும், முன், பின் பிரேக்குக்கு அழுத்தத்தைப் பங்கிடும் காம்பினேஷன் வால்வும் சேர்த்தே மாற்ற வேண்டும், பழையதை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். பிரேக் குழாயில் உள்ள காற்றை எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து ஆரம்பியுங்கள்: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

இப்போது தகர வேலை. ராக்கர் பேனலை வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்கே சதுரக் குழாயை வைத்துப் புள்ளி வெல்டால் தற்காலிகமாகப் பிடிக்க வையுங்கள். ராக்கர்தான் கேபினைத் தாங்குகிறது. முட்டுக்கொடுக்காமல் வெட்டினால் வாசல் ஒரு மயிரிழை தொய்யும், பிறகு ஜென்மத்துக்கும் கதவு சரியாக மூடாது. ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகே அடுத்த பக்கம். புது பேனலைப் பொருத்தியதும் கதவை மாட்டி மூடிப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி சுமார் 5 மில்லிமீட்டருக்குச் சமமாக வருகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு வெல்டிங் வைக்கணும். கடையில் வாங்கும் பேனல் அப்படியே உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள், கொஞ்சம் தட்டி, கொஞ்சம் தேய்த்துத்தான் உட்கார வைக்கணும்.

வெல்டிங்குக்கு, கம்பி தானாக வரும் மிக் (MIG) மெஷின், 0.023 இன்ச் கம்பி, 75 பங்கு ஆர்கான் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு கலந்த கேஸ். துரு எவ்வளவு தெரிகிறதோ அதைத் தாண்டி நல்ல தகரம் வரும் வரை வெட்டுங்கள், ஒட்டுத் தகரத்தை ஓரத்தோடு ஓரம் முட்ட வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் நடுவில் தண்ணீர் நின்று அடுத்த துருவுக்கு நீங்களே இடம் ஒதுக்கியதாகும். கோடு இழுக்கிற மாதிரி வெல்ட் போனால் சூட்டில் தகரம் அப்பளமாக நெளிந்துவிடும், அதனால் இங்கே ஒரு புள்ளி, அரையடி தள்ளி ஒரு புள்ளி, கை வைத்தால் பொறுக்கிற அளவுக்கு ஆறட்டும், திரும்ப வந்து நடுவில் ஒன்று. அலுப்பான வேலைதான். மூலைப் பேனலுக்கு உள்ளேயும் ஒரு தகடு இருக்கிறது, வெளியே மட்டும் பளபளவென்று மாற்றிவிட்டு உள்ளே துருவை விட்டால் இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் எழும்பும். எல்லாம் முடிந்ததும் உட்குழிகளில் மெழுகு கலந்த துருத் தடுப்பை நீளக் குழாய் வைத்து அடித்துவிடுங்கள், அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

இன்ஜின் விஷயத்தில் அவரவர் பணப்பை, அவரவர் மனசு. 250 கன இன்ச் ஆறு சிலிண்டர் இருந்தால் அதை அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள், சாது, ஆனால் ஓயாமல் உழைக்கும். அதிலோ 307, 350 வி8-களிலோ பழைய இக்னிஷனின் பாயின்ட் செட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் ரகமான ஹெச்இஐ டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் மாற்றம். பலர் தவறவிடுவது ஒன்று: பழைய ஒயரிங்கில் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரே மின்தடை ஒயர், அது வோல்டேஜைக் குறைத்து அனுப்பும். ஹெச்இஐ-க்கு முழு 12 வோல்ட் வேண்டும், ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுங்கள்.

எல்எஸ் எனப்படும் ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை வி8 இன்ஜின் போடத்தான் ஆசை என்றால் 1999-க்குப் பிந்தைய சில்வராடோவின் 5.3 லிட்டரும் அதனோடு வரும் 4எல்60இ கியர்பாக்ஸும்தான் காயலான் கடையில் சல்லிசாக அகப்படுவது. இன்ஜின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், செலவு அதற்கப்புறம்தான். பழைய கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ போதும், இதற்கு 58 பிஎஸ்ஐ வேண்டும், ஆகவே புது பம்ப், புது பெட்ரோல் லைன், ரெகுலேட்டர். மவுண்ட் பிளேட், ஆழம் குறைந்த ஆயில் பான், தனியாக இயங்கும்படி பிரித்த ஒயரிங், கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டருக்கு ஒரு வழி. இன்ஜின் விலையைப் போல இன்னொரு பங்கு, சில சமயம் இரண்டு பங்கு கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வண்டியைத் தாழ்த்துவது என்றால் முன்னால் இரண்டரை இன்ச் டிராப் ஸ்பிண்டில் (சக்கர அச்சு மேலே தள்ளி அமைந்த பாகம்) போடுங்கள், ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். செவர்லே சி-10-இல் பெரும்பாலும் பின்னாலும் காயில் ஸ்பிரிங், அதனால் வேலை எளிது. ஆனால் தாழ்த்தியதும் பின் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து, ஒரு டயர் மட்கார்டை உரசும். ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடில் அளவு மாற்றக்கூடியதாகப் போட்டு நடுவுக்குக் கொண்டுவரணும். நான்கு இன்ச்சுக்கு மேல் இறக்கினால் ஆக்சில் சேஸியில் இடிக்கும், அங்கே சேஸியில் சி வடிவத்தில் வெட்டி வலுத்தகடு வைக்க வேண்டியிருக்கும்.

பெயிண்டுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். வெறும் தகரத்தின் மேல் முதலில் எபாக்சி ப்ரைமர், அதற்கு மேல்தான் பட்டி, அப்புறம் 180, 320, 400 நம்பர் உப்புத்தாள் என்று கட்டை வைத்துத் தேய்ப்பு. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்டில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் தூசி மாஸ்க் அதற்கு எதுவும் செய்யாது. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லையென்றால் தயாரிப்பு வேலையை நீங்கள் செய்துவிட்டு அடிப்பதைக் கடையில் கொடுங்கள். தொட்டியில் பலகைத் தரை வந்த வண்டி என்றால் அதைத் தகரமாக மாற்ற வேண்டாம், புதுப் பலகையும் நடுவில் ஓடும் இரும்புப் பட்டையும் செட்டாகவே விற்கிறார்கள், வண்டியின் பாதி அழகு அங்கேதான்.

முன் கண்ணாடி மாட்ட ஆள் கூப்பிட வேண்டியதில்லை, இரண்டு பேர் இருந்தால் போதும். ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் வெளிப் பள்ளத்தில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுற்றிலும் புதைத்து, இரு முனையும் கீழே நடுவில் வரும்படி விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி வாசலில் வையுங்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை மெதுவாக இழுத்தால் ரப்பரின் உதடு தகர விளிம்பைத் தாண்டி வரிசையாக உள்ளே புரளும். மூலையில் அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

மூன்று முனை சீட் பெல்ட் போடாமல் குடும்பத்தை ஏற்றாதீர்கள். கலிபோர்னியாவில் 1975-உம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. டெக்சாஸில் 25 வருஷம் தாண்டினால் ஆன்டிக் நம்பர் பிளேட் வாங்கலாம், ஆனால் அதை மாட்டிக்கொண்டு தினமும் ஆபீஸுக்குப் போகக் கூடாது, கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சிக்குத்தான். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, வண்டி போனால் இவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே தொகை பேசி எழுதும் பாலிசியாகக் கேளுங்கள். சாதாரணப் பாலிசி உங்கள் உழைப்பைக் கணக்கில் எடுக்காது. தொகை பேசி எழுதும் பாலிசிக்கு ரசீதும் போட்டோவும் கேட்பார்கள், வண்டியைப் பிரிக்கிற முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.