கலோவோட முற்றுகைப் படத்த எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கணும்?

நெதர்லாந்துல இருக்கற பிரெடா ஊர ஸ்பானிஷ் படை முற்றுகை போட்டத ஓவியர் ஜாக் கலோ எட்சிங்கா (செப்புத் தகட்ட ஆசிட்ல அரிச்சு அச்சடிக்கிற படம்) 1628ல போட்டாரு. அத முதல் தடவ பாத்தப்போ எறும்புப் புத்த கலைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு, ரெண்டே நிமிஷத்துல மூடிட்டேன். தப்பு என் மேலதான், நடுவுல இருந்து பாத்தேன். இத கீழ இருந்து மேலதான் பாக்கணும்.

போன்ல வேணாம். ஆறு செப்புத் தகட்டுல தனித்தனியா போட்டு சேத்து ஒட்டுற படம் இது, ஒரு மீட்டருக்கும் மேல வரும், அதனால பெரிய ஸ்கேனா பாத்து கம்ப்யூட்டர்ல ஜூம் பண்ணுங்க.

கீழ் ஓரத்துல ஆளுங்க பெருசா இருப்பாங்க, அங்க கோட்டோட தடிமன பாத்துக்கோங்க. அப்டியே மேல நகத்துனா ஆளு புள்ளியாயிடுவான், கோடு தலைமுடி மாதிரி ஆயிடும். தகட்டுல வார்னிஷ் பூசி, ஊசியால கீறி, ஆசிட்ல போடுவாங்க, தூரத்துல இருக்கறது லேசா அரிச்சதும் வெளிய எடுத்து அந்த இடத்த மட்டும் வார்னிஷால அடைச்சுட்டு மறுபடி போட்டா மிச்சக் கோடு ஆழமாகி மைய நல்லா பிடிக்கும். சாதா மெழுகுப் பூச்சு பேந்துக்கும்னு லூட் வாத்தியம் செய்றவங்களோட கெட்டி வார்னிஷ கலோ எடுத்துக்கிட்டாரு, அதான் இவ்ளோ பொடிசா கீற முடிஞ்சது.

பாதிக்கு மேல தரையே நிமுந்து மேப் ஆயிடும், குழம்பாதீங்க. ஊரச் சுத்தி ரெண்டு வரிசை அரண் தேடுங்க: உள் வரிசை ஊர்க்காரன் வெளிய வராம இருக்க, வெளி வரிசை அவனக் காப்பாத்த வர்ற படைய தடுக்க. பெரிய சண்டைய தேடாதீங்க, ஸ்பானிஷ் தளபதி ஸ்பினோலா 1624 ஆகஸ்ட்ல இருந்து 1625 ஜூன் வரைக்கும் ஊரப் பட்டினி போட்டுத்தான் பிடிச்சாரு. அப்புறம் இது ஒரே நாள் காட்சியும் இல்ல, வேற வேற நாள்ல நடந்தது ஒரே படத்துல கிடக்கும்.

படத்துக்குக் காசு குடுத்தது ஜெயிச்ச பக்கம், ஸ்பானிஷ் நெதர்லாந்த ஆண்ட இசபெல்லா. அதனால போரோட மறுபக்கத்துக்கு, இத பாத்த கையோட அதே ஆளு 1633ல வெளியிட்ட 'போரின் பெருந்துயரங்கள்' பாருங்க. மொத்தம் 18, ஒவ்வொண்ணும் நாலு விரல் உசரம்தான். அதுல தூக்கு மரம் ஒண்ணு வரும், கிளை கிளையா ஆளுங்க தொங்குறாங்க, ஏணில ஒரு பாதிரியார் சிலுவைய நீட்டுறாரு, மரத்தடில முரசக் கவுத்து வச்சு பகடை உருட்டிட்டு இருக்காங்க.