காட்பாடியிலிருந்து சிங்கப்பூர்: தனி ஆளாக, கையைக் கடிக்காமல் சுற்றிவர ஒரு வழி

சிங்கப்பூர் என்றதும் நம்ம பக்கத்தில் பாதிப் பேர் "அது பணக்காரன் ஊராச்சே" என்பார்கள். மீதிப் பேருக்கு அங்கே வேலை பார்க்கிற மச்சானோ சித்தப்பா மகனோ இருப்பான். அந்த ஊரில் விலை கழுத்தைப் பிடிப்பவை நான்குதான்: படுக்க இடம், டாக்ஸி, மது, நுழைவுச்சீட்டு. சாப்பாடும் ரயிலும் அன்றாடம் வேலைக்குப் போய்வருகிற ஆளுக்குக் கட்டுப்படியாகிற விலையில்தான் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் இலவசம். அந்த நான்கையும் எப்படிச் சமாளிப்பது என்று தெரிந்தால் போதும். பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு முத்திரைகூட விழாத வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆட்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒரு சிங்கப்பூர் டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அங்குள்ள தமிழர்கள் அதை வெள்ளி என்பார்கள்; நானும் அப்படியே எழுதுகிறேன்.

படி 1: காகித வேலை

சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். ஏற்கெனவே இருந்தால், போகிற தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். தூதரக வாசலில் வரிசையில் நிற்கிற வேலை இல்லை. அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் ஆன்லைனில் போடுவார்கள். அரசுக் கட்டணம் 30 வெள்ளி. அதற்கு மேல் ஏஜென்ட் கேட்பது அவருடைய கூலி, அது ஆளுக்கு ஆள் மாறும். ரெண்டு மூன்று இடத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பயணத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும்.

சிங்கப்பூர் போய்ச் சேரும் நாளையும் சேர்த்துக் கடைசி மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள், அது அரசுத் தளம் கிடையாது.

தனியாக வருகிற இளைஞர்களை இமிக்ரேஷனில் சில சமயம் கூடுதலாக ரெண்டு கேள்வி கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, கையில் உள்ள பணம், எங்கெங்கே போகப் போகிறீர்கள் என்பதெல்லாம். முதல் இரண்டையும் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன், வியாழக்கிழமை திரும்புகிறேன்" என்று நேராகச் சொன்னால் போதும். தமிழில் பேசும் அதிகாரியே கிடைத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அங்கே தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று.

படி 2: டிக்கெட்

வேலூர்க்காரனுக்கு ஒரு வசதி, ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. ரெண்டு விமான நிலையத்துக்கும் விலை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் பெங்களூரு விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஊருக்குள் போய் அங்கிருந்து மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அந்த அலைச்சலுக்கு நான் போக மாட்டேன். காட்பாடியில் ரயிலேறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால் அங்கேயே மெட்ரோ. நேராக விமான நிலைய வாசலில் விடும். நள்ளிரவு விமானமாக இருந்தாலும் மெட்ரோ ஓடுகிற நேரத்துக்குள் போய்ச் சேருங்கள், ஆட்டோ பேரம் மிச்சம்.

பறக்கும் நேரம் சுமார் நாலு மணி. அங்கே கடிகாரம் நம்மைவிட ரெண்டரை மணி முன்னால் ஓடும். பட்ஜெட் விமானத்தில் பெட்டிக்குத் தனியாகக் காசு. முதுகுப்பை ஒன்றோடு போகிறவனுக்குத்தான் டிக்கெட் உண்மையிலேயே மலிவு.

படி 3: பையில் என்ன கூடாது

கசகசா பொட்டலம் கூடாது, அங்கே அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும். ஹான்ஸ், குட்கா, இ-சிகரெட் எல்லாம் தடை. சிகரெட் ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் வரி உண்டு. மச்சான் எவ்வளவு கெஞ்சினாலும் ஆம்பூர் பிரியாணி பார்சல் கட்டிக்கொண்டு போகாதீர்கள், இந்தியாவிலிருந்து இறைச்சி அனுமதி கிடையாது. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவர் சீட்டோடு போவது மட்டும் போதாது, முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும்.

வைக்க வேண்டியவை: குடை, காலி தண்ணீர் பாட்டில், மூன்று சதுரக் காலுள்ள பிளக்குக்கு அடாப்டர், நல்ல நடைச்செருப்பு. நம்ம ஊர் மே மாத வெயிலைப் பார்த்தவனுக்கு அந்த ஊர்ச் சூடு பெரிதில்லை. ஆனால் புழுக்கம் வேறு ரகம், காலையில் போட்ட சட்டை பத்து மணிக்கே நனைந்துவிடும்.

படி 4: தங்க இடம்

தனியாகப் போகிறவனுக்கு உண்மையான அடி இங்கேதான். ஓட்டல் அறை வாடகையைப் பகிர ஆள் இல்லை. அதனால் ஹாஸ்டல் படுக்கை, அதாவது பல பேர் தங்குகிற அறையில் ஒரு கட்டில். லிட்டில் இந்தியா, லாவெண்டர், சைனாடவுன் பக்கம் ஒரு இரவுக்கு 30 முதல் 50 வெள்ளிக்குள் தேடுங்கள். படுக்கைக்குத் திரை, பூட்டுகிற லாக்கர், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரம் ஆகிய மூன்றையும் பாருங்கள். காலை டிபன் சேர்ந்திருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. பெண்களுக்கு மட்டும் என்று தனி அறை வைத்திருக்கிற ஹாஸ்டல்களும் உண்டு.

வீட்டு அறையை ரெண்டு மூன்று நாளைக்கு மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்குங்கள். தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே சட்டப்படி குற்றம். தொழிலாளர் விடுதியில் இருக்கிற சொந்தக்காரனோடு தங்கலாம் என்ற நினைப்பும் வேண்டாம்.

படி 5: சாங்கி விமான நிலையத்திலிருந்து அறைக்கு

டாக்ஸி வரிசையைப் பார்க்காமல் ரயிலுக்கு வழிகாட்டுகிற பலகையைப் பிடித்து நடங்கள். எம்ஆர்டி என்கிற அந்த ஊர் மெட்ரோ ரயிலில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிற டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் லிட்டில் இந்தியா வரை வேறு மாற்றமே இல்லை. ரெண்டு மூன்று வெள்ளியில் வேலை முடிந்தது.

டிக்கெட் வாங்க வேண்டாம். தட்டினால் வேலை செய்கிற விசா, மாஸ்டர் கார்டு இருந்தால் நேராக வாயிலில் தட்டலாம். கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்துவிடுங்கள். வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்துகிற நாளுக்கு 60 சென்ட் (வெள்ளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதலாகப் பிடிப்பார்கள். நிறைய நாள் தங்குகிறவர் ஈசி-லிங்க் என்கிற, காசு ஏற்றிப் பயன்படுத்தும் பயணக் கார்டு வாங்கிக்கொள்வது நல்லது. உள்ளே போக எந்தக் கார்டைத் தட்டினீர்களோ அதே கார்டை வெளியே வரும்போதும் தட்ட வேண்டும். ரயிலுக்குள் ஒரு மடக்கு தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். தின்பதற்கும் குடிப்பதற்கும் அபராதம் 500 வெள்ளி வரை.

படி 6: வயிறு

இங்கேதான் சிங்கப்பூர் மலிவு. ஹாக்கர் சென்டர் என்பது ஒரே கூரைக்குள் ஐம்பது நூறு சாப்பாட்டுக் கடைகள். அரசு கட்டி, நடத்த விட்டது; இந்தப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறியது. ஒருவேளைச் சாப்பாடு நாலு முதல் ஆறேழு வெள்ளி. அதே சோற்றை ஏசி உணவகத்தில் தின்றால் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி என்று பில் வீங்கும்.

முதல் வேளையைத் தேக்கா சென்டரில் வைத்துக்கொள்ளுங்கள், லிட்டில் இந்தியா நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. நடைமுறை இதுதான். முதலில் மேசை பிடியுங்கள். மேசை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அது காலி இடம் இல்லை. யாரோ போட்டுவைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார். நீங்களும் அப்படியே செய்யலாம். பிறகு கடைக்குப் போய் முதலில் காசு, பிறகு தட்டு. "அண்ணே, ஒரு மட்டன் பிரியாணி" என்றால் "இங்கயா, பார்சலா தம்பி?" என்று தமிழிலேயே பதில் வரும். சீரகச் சம்பா வாசனையை எதிர்பார்க்காதீர்கள், அங்கே பெரும்பாலும் பாஸ்மதி. எண்ணெய்க் கத்தரிக்காயும் வராது. தட்டு நிறைய வரும் என்பதே ஆறுதல். டீக்கு "தே" என்றால் பாலும் சர்க்கரையும் தூக்கலாக வரும். பால் வேண்டாமென்றால் "தே ஓ", சர்க்கரையும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்".

தின்று முடித்ததும் தட்டை நீங்களே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும். ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு உண்டு, பலகையைப் பார்த்து வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே தேவையில்லை, குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

படி 7: சுற்றல்

காலையில் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, நுழைவு இலவசம்; ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் காசு. லிட்டில் இந்தியாவிலிருந்து மூன்றாவது நிலையம். வெயில் ஏறினதும் சிராங்கூன் சாலைக்குத் திரும்பி வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில் என்று நடக்கலாம். கோயில்கள் மதியம் நடை சாத்தும், அதற்குள் போங்கள். சைனாடவுன் நடுவில் இருக்கும் மாரியம்மன் கோயில் 1827இல் ஏற்பட்டது, ஊரிலேயே பழைய இந்துக் கோயில்.

மாலைக்கு ஒரே ஒரு திட்டம் சொல்கிறேன், செலவு ரயில் கட்டணம் மட்டும். பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி கார்டன்ஸ் பை தி பே போங்கள். 50 மீட்டர் வரை உயர்ந்த செயற்கை மரங்களுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் கிடப்பார்கள். 7.45க்கு விளக்கும் பாட்டும். முடிந்ததும் மரீனா பே கரைக்கு நடந்தால் 9 மணிக்கு நீரூற்றுக் காட்சி. அப்புறம் ஹீலிக்ஸ் பாலம் வழியாகக் கரையைச் சுற்றி நடந்து, தண்ணீர் கக்கும் மெர்லயன் சிலை. வழியில் எஸ்பிளனேட் பூங்காவில் ஐஎன்ஏ (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) நினைவிடம் இருந்த இடம் வரும். 1945இல் நேதாஜி அடிக்கல் நாட்டியதை, திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் தகர்த்தார்கள். 1995இல் அதே இடத்தில் ஒரு குறியீடு வைத்தார்கள். அந்தப் படையில் எத்தனையோ தமிழர்கள் இருந்தார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள், நீங்கள் ரெண்டு நிமிடம் நில்லுங்கள்.

கால் வலுவுள்ளவர்கள் இன்னொரு காலையில் ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்திலிருந்து மவுண்ட் ஃபேபர் குன்றில் ஏறி ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் வரை போகலாம். காசு கொடுத்துப் பார்ப்பது ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எது என்பதை ஊரிலேயே முடிவு செய்து டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும். அங்கே போய் யோசித்தால் மூன்று வாங்குவீர்கள்.

படி 8: கணக்கு

படுக்கை 40, சாப்பாடு 20, ரயில் 7 வெள்ளி. நாளைக்கு 67, நம்ம பணத்தில் 4,700 ரூபாய் சுமார். நாலு நாள், மூன்று இரவுக்கு 230 வெள்ளிக்குள் வரும், அதாவது 16,000 ரூபாய். விமானம், விசா, அந்த ஒரு நுழைவுச்சீட்டு தனி. எதிர்பாராத செலவுக்கென 100 வெள்ளி கார்டில் தொடாமல் இருக்கட்டும். ஜிபேயை நம்பிப் போகாதீர்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும், பழைய ஹாக்கர் கடைகளில் அதுதான் சுலபம்.

திரும்பும் நாள் மூன்று மணி நேரம் முன்னதாகவே சாங்கி போங்கள். முதல் முனையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்தில் 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கிறது, இலவசம். ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கிய பொருள் இருந்தால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம். அதற்கான இயந்திரம் விமான நிலையத்திலேயே உண்டு. வாங்கும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டியிருக்க வேண்டும், பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்புவதாக இருந்தால் செக்-இன்னுக்கு முன்பே இந்த வேலையை முடிக்க வேண்டும்.