மூன்று தலைமுறையினர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மனிதவள மென்பொருளை அமைப்பது எப்படி?

கோயம்புத்தூரின் பம்ப்செட் தொழிற்சாலைகளிலும் உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகளிலும் ஒரே ஷிப்டில் மூன்று தலைமுறையினரைப் பார்க்கலாம். 1990-களில் சேர்ந்து ஓய்வை நெருங்கிக்கொண்டிருக்கும், மணலில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டர், ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்து இன்று சூப்பர்வைசராகிவிட்ட நாற்பது வயதுக்காரர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்திருக்கும் இருபது வயது இளைஞர் என்று மூவருமே ஒரே உலையின் முன்னால் நிற்கிறார்கள். இத்தகைய நிறுவனத்துக்கு மென்பொருள் விற்க வருபவர்கள், இவர்களை ஒருவரோடொருவர் இணைக்கும் என்று முதலில் காட்டுவது, சக ஊழியரைப் பாராட்டி எழுதும் பாராட்டுப் பலகையையும் பிறந்தநாள் வாழ்த்தையும்தான். ஆனால் தன் சம்பளமும் லீவும் பி.எஃப். கணக்கும் சரியாக இருக்கின்றன என்று ஒருவர் அந்தத் திரையில் பார்த்து நம்பும்வரை, அதே திரை வழியாக அவரை மற்றவர்களோடு இணைக்க முடியாது. ஆகவே ஆவணங்களைச் சரிசெய்வதிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் பெயர். பெரும்பாலான மென்பொருள்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கேட்கும். நம்மிடம் இருப்பதோ இனிஷியலும் பெயரும். ஆதாரில் 'முருகேசன் ராமசாமி' என்றும், பி.எஃப். கணக்கில் 'ஆர். முருகேசன்' என்றும், வங்கிக் கணக்கில் வெறும் 'முருகேசன்' என்றும் இருப்பவருக்குப் பணம் எடுக்கும் நாளில்தான் சிக்கல் தெரியவரும். மூத்த தொழிலாளர்களிடம் பிறந்த தேதியும் இதேபோலப் பள்ளிச் சான்றிதழில் ஒன்றாகவும் ஆதாரில் வேறொன்றாகவும் இருப்பதுண்டு. பழைய எக்ஸெல் கோப்பை அப்படியே ஏற்றிவிடாமல், ஒவ்வொருவரையும் டைம் ஆபீஸுக்கு அழைத்து, ஆதாரில் உள்ள பெயரை மூலமாக வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருப்பவர்களின் பட்டியலைத் தனியாக எடுத்துத் திருத்த விண்ணப்பங்களை அனுப்பிய பின்பே தரவை ஏற்ற வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இதைத் தவிர்க்க முடியாது.

முந்தைய வேலை விவரம் என்ற பகுதியைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஒருவருடைய எல்லாப் பி.எஃப். கணக்குகளையும் ஒரே எண்ணில் இணைக்கும் யு.ஏ.என். எண் 2014-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இரண்டு மூன்று மில்களில் வேலை பார்த்தவருக்குப் பழைய பி.எஃப். கணக்குகள் இணைக்கப்படாமலே கிடக்கலாம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு சேவை தேவை. முழு ஓய்வூதியம் 58 வயதில் கிடைக்கும், 50 வயதிலிருந்து குறைக்கப்பட்ட தொகையாகப் பெறலாம். எனவே விடுபட்டுப்போன நான்கு ஆண்டுச் சேவை ஒருவருடைய முதுமையையே பாதிக்கக்கூடும். அந்தப் பகுதியைக் கேட்டு நிரப்புங்கள்.

அடுத்தது, மென்பொருளை யார் எதன் வழியாகத் தொடுகிறார்கள் என்ற கேள்வி. வயதை வைத்து ஆட்களைப் பிரிக்காதீர்கள். ஐம்பத்தைந்து வயதிலும் யு.பி.ஐ.யில் பணம் அனுப்புபவர்கள் இருக்கிறார்கள், இருபது வயதில் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள். சொந்தமாக ஸ்மார்ட்போன் இருக்கிறதா, பதிவான எண் அவருடையதுதானா, எந்த மொழி படிப்பார் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம், ஆனால் மகனுடைய எண்ணைக் கொடுத்திருக்கும் தொழிலாளருக்கு ஓ.டி.பி. மகன் படிக்கும் கல்லூரிக்குப் போய்ச் சேரும், அவர் இங்கே திரையின் முன் காத்துக்கொண்டிருப்பார்.

இதற்காகத் தொழிற்சாலை வாசலில் பெரிய எழுத்துகளோடு ஒரு டேப்லெட்டை வைத்து, ஊழியர் எண்ணும் நான்கிலக்க பின் நம்பரும் போட்டால் சம்பள ரசீதும் லீவு இருப்பும் தெரியும்படி அமையுங்கள். உலைப் பகுதியில் போனை அனுமதிக்காத நிறுவனங்களில் இளைஞர்களுக்கும் இதுவே வழி. வருகைப் பதிவுக்குக் கைரேகையை மட்டும் நம்பக் கூடாது. மணலிலும் கட்டிங் ஆயிலிலும் பல ஆண்டுகள் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும், தினமும் காலையில் நான்கு பேர் பின்னால் நிற்க விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பது அனுபவசாலிக்கு நேரும் அவமானம். முகப்பதிவோ அட்டையோ மாற்றாக இருக்கட்டும். காகித ரசீது கேட்பவருக்குத் தயங்காமல் அச்சிட்டுக் கொடுங்கள்.

லீவு விஷயத்தில் இரண்டு பழக்கங்கள் மோதும். இளையவர் இரவு பதினொரு மணிக்கு ஆப்பில் விண்ணப்பித்துவிட்டு அனுமதி கிடைத்ததாகவே நினைத்துக்கொள்வார். மூத்தவர் சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு அதோடு முடிந்ததென்று போய்விடுவார். சூப்பர்வைசரே தொழிலாளருக்காகப் பதிவு செய்யும் வசதியைத் திறந்துவிட்டு, அவ்வாறு பதிவானதும் தொழிலாளருக்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்தால் இரண்டு வழிகளும் ஒரே பதிவில் வந்து சேரும். பிரிவு வாரியான லீவு நாட்காட்டியை அனைவரும் பார்க்கும்படி வைப்பது நல்லது. தீபாவளிக்கும், பீகாரில் பெரிதாகக் கொண்டாடும் சத் பூஜைக்கும் ஊர் செல்பவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால், உள்ளூர்க்காரரும் வெளிமாநிலத்தவரும் ஷிப்டை மாற்றிக்கொள்ளத் தாங்களே பேசிக்கொள்வார்கள். சட்ட விதிகளையும் மென்பொருளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய லீவுக்கு 240 நாள் வேலை தேவைப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது 180 நாளாகிவிட்டது. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்த இளைஞருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி (பணிக்கொடை) உரிமை உண்டு என்பதையும் பழைய ஐந்தாண்டுக் கணக்கு மறைத்துவிடக் கூடாது.

தலைமுறைகளை உண்மையில் இணைப்பது, யாருக்கு எந்த வேலை எந்த அளவுக்குத் தெரியும் என்று காட்டும் திறன் அட்டவணை. தணிக்கைக்காகச் சுவரில் ஒட்டி மறந்துவிடும் அந்தத் தாளை மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள். கற்றுக்கொள்பவர், மேற்பார்வையில் செய்பவர், தனியாகச் செய்பவர், பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர் என்ற நான்கு நிலைகள் போதும். அச்சு செய்யப் பயன்படும் ஈரமான பச்சை மணலைக் கையில் பிடித்து அழுத்தி, உடைத்துப் பார்த்து ஈரப்பதம் சரியா என்று சொல்லும் மோல்டரின் திறமைக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. ஈரமானியில் எண்ணைப் படிக்கும் டிப்ளமோ மாணவருக்கோ அந்தக் கைப்பக்குவம் கிடையாது. இருவரையும் ஒரே மணல் மாதிரியின் முன் நிறுத்தி, முதலில் மூத்தவர் சொல்வதையும் பிறகு கருவி காட்டுவதையும் இளையவர் தன் போனில் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து, தமிழிலும் இந்தியிலும் தலைப்பிட்டுப் பயிற்சிப் பகுதியில் ஏற்றட்டும். எந்தப் பாராட்டுப் பலகையும் செய்யாத வேலையை இது செய்யும். கற்றுக்கொடுத்த மணிநேரத்தைப் பதிவு செய்து, மூத்தவரின் ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். சம்பள உயர்வில் எதிரொலிக்காத பயிற்சி ஓரிரு மாதத்தில் நின்றுவிடும். பதிலுக்கு இளையவர், மூத்தவருடைய பி.எஃப். கணக்கு மாற்றத்துக்கும் நாமினி பதிவுக்கும் டேப்லெட்டின் அருகில் உட்கார்ந்து உதவலாம், ஆனால் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் மூத்தவர் கையாலேயே பதியப்பட வேண்டும்.

பிறந்த ஆண்டு, சம்பளம், மருத்துவ விவரம் ஆகியவை சக ஊழியர் பார்க்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தனிநபர் தரவு பாதுகாப்புக்கென 2023-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. தானியங்கிப் பிறந்தநாள் வாழ்த்தால் யாரும் நெகிழ்ந்துவிடப் போவதில்லை, வேண்டுமானால் தேதியும் மாதமும் மட்டும் காட்டுங்கள்.

புதிய மென்பொருளுக்கு மாறும் காலத்தில் இரண்டு சம்பளத் தேதிகளுக்காவது பழைய பதிவேட்டையும் சேர்த்தே நடத்தி, ஓவர்டைம் மணியும் அட்வான்ஸ் பிடித்தமும் இரண்டிலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கணக்கு நிலைபெற்ற பிறகு காலாண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு அறிக்கையைத் தவறாமல் எடுங்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுபவர்களின் பட்டியலைத் திறன் அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால், நான்காம் நிலையில் ஒருவர் மட்டுமே இருக்கும் வேலைகள் தெரியவரும். அந்த ஒவ்வொரு வேலைக்கும் கற்றுக்கொள்பவராக இருவரின் பெயரை அன்றே பதிந்து, வாரத்தில் ஒரு ஷிப்டையாவது அவர்கள் மூத்தவரோடு சேர்ந்து பார்க்கும்படி ஷிப்ட் பட்டியலில் பூட்டிவிடுங்கள். உற்பத்தி அவசரம் என்று சூப்பர்வைசர் அதை மாற்ற விரும்பினால், காரணம் எழுதி ஆலை மேலாளரின் அனுமதி பெற்ற பின்பே மாற்ற முடியும்படி அமைப்பை வையுங்கள்.