லயத்து ஜெபக்கூட்டத்துல 'கடைசி காலம்' சண்டை வந்தா எப்படி சமாளிக்கிறது

எங்க வீட்டு வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துல ஒருநாள் சித்தப்பா தேத்தண்ணி கிளாஸ பாதியில வச்சிட்டு, டோர்ச்ச கூட எடுக்காம மழையில எறங்கிப் போயிட்டாரு. காரணம் ஒரே ஒரு வசனம், 'இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்'ங்குற ரோமர் 11:26. அவரு பெந்தெகொஸ்தே, மாமா மெதடிஸ்ட், அத்தை வீட்டுக்காரங்க கத்தோலிக்கம், எல்லாரும் ஒரே லயம், அதான் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, நடுவுல ஒத்த செவுருதான். அன்னைக்கு ராத்திரி முழுக்க அந்தப்பக்கம் அவரு இருமுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதுக்குப் பிறகு இலங்கை மலையகத்துல தலவாக்கலைப் பக்கம் ரெண்டு மூணு தோட்டத்துல இந்த டாபிக்க பேச வச்சிருக்கேன், யாரும் எந்திரிச்சுப் போகல, அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல கையில இருக்குற பைபிள பாருங்க. பழைய திருப்புதல்ல இஸ்ரவேல், இரட்சிப்பு, வெளிப்படுத்தின விசேஷம்னு இருக்கும், அத்தை கையில இருக்குற திருவிவிலியத்துல அதே இது இஸ்ரயேல், மீட்பு, திருவெளிப்பாடு. பாதி சண்டை இங்கயே ஆரம்பிக்கும், ஏன்னா ஒருத்தரு 'நீங்க இரட்சிக்கப்பட்டாச்சா'னு கேப்பாரு, அவருக்கு அது ஒரு தேதி, ஞானஸ்நானம் எடுத்த ஆத்தங்கரை உட்பட ஞாபகம் இருக்கும். அத்தைக்கு மீட்புன்னா சாகுற வரைக்கும் நடக்குற நடை. ரெண்டு பேரும் ரெண்டு விஷயத்த பேசுறாங்க, கோவம் மட்டும் ஒண்ணு. அதனால வசனத்த ரெண்டு பைபிள்லயும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க, வாசிச்ச பிறகுதான் வாய் தொறக்கணும்.

அடுத்தது, எல்லாரும் 'இயேசுவோட ரெண்டாம் வருகை எப்ப'ல ஆரம்பிப்பாங்க, விடாதீங்க. இஸ்ரவேல் யாருங்குறத மொதல்ல எடுங்க. அதுக்கு ஒருத்தரு என்ன பதில் சொல்றாரோ, வருகை, கடைசியில வர்ற கொடுமையான உபத்திரவ காலம், ஆயிர வருஷ ஆட்சி எல்லாம் முக்காவாசி அதுலயே முடிவாயிரும். இஸ்ரவேலும் சபையும் தனித்தனினு நெனைக்கிறவரு, சபைய மேல எடுத்துக்கிட்ட பிறகு தேவன் இஸ்ரவேலோட வேலைய திரும்ப ஆரம்பிப்பாருனு சொல்லுவாரு. ரெண்டும் ஒரே ஜனம்னு நெனைக்கிறவருக்கு சபைய மட்டும் எடுத்துக்கிட்டுப் போற ரகசிய வருகைனு தனியா ஒண்ணு தேவையே படாது. வேர விட்டுட்டு கிளைய இழுத்துக்கிட்டிருந்தா விடிஞ்சிரும்.

ரோமர் 9, 10, 11, மூணு அதிகாரமும் சேர்த்து 90 வசனம், ஒரே மூச்சுல வாசிங்க, இருவது நிமிஷம் கூட ஆகாது. துண்டு துண்டா எடுத்தா ஆளுக்கொரு ஆயுதம் கெடைக்கும். 9:6ல 'இஸ்ரவேல் வம்சத்தார் எல்லாரும் இஸ்ரவேலரல்லவே'னு பவுல் சொல்றாரு, மாமா அத புடிச்சுக்குவாரு. 11:26ல இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்னு வருது, சித்தப்பா அத புடிச்சுக்குவாரு. அந்த 'எல்லாரும்' யாருங்குறதுக்கு மூணு பதில் காலங்காலமா ஓடிக்கிட்டிருக்கு: யூதரும் யூதரல்லாதவங்களும் சேர்ந்த மொத்த சபைனு ஒண்ணு, எல்லாக் காலத்துலயும் விசுவாசிச்ச யூதர்கள்னு ஒண்ணு, கடைசியில யூத ஜனம் மொத்தமா திரும்பும்னு ஒண்ணு. எனக்கு மூணாவது பக்கம்தான் கொஞ்சம் சாய்வு, ஏன்னா முந்தின வசனத்துல இஸ்ரவேல்னா யூதருனுதான் அர்த்தம், அடுத்த வரியில திடீர்னு மாறுமா? ஆனா அங்க 'இந்தப்பிரகாரம்'னு இருக்கு, 'அதுக்குப் பிறகு'னு இல்ல, அதனால மத்தவங்க பாய்ண்டும் லேசுப்பட்டதில்ல.

11ஆம் அதிகாரத்துல பவுல் சொல்ற ஒலிவ மர உவமைக்கு (நல்ல மரம் இஸ்ரவேல், ஒட்டுன காட்டுக் கெளை யூதரல்லாத விசுவாசிங்க) வரும்போது ரோசாச்செடி வளக்குற யாரையாவது பேச விடுங்க. எங்க கூட்டத்துல ஒரு அக்கா, பங்களாத் தோட்டத்துல வேல செஞ்சவங்க, வசனத்த கேட்டதுமே 'இது தப்பா இருக்கே'னாங்க. காட்டு ரோசா வேருலதான் நல்ல ரோசாவ ஒட்டுவோம், இங்க காட்டுக் கெளைய கொண்டுவந்து நல்ல மரத்துல ஒட்டுறாரே, எவன் செய்வான் அப்படினு. பவுலுக்கும் அது தெரியும், 24ஆம் வசனத்துல சுபாவத்துக்கு விரோதமாய்னு அவரே சொல்லிட்டாரு. அந்த அக்கா அப்படிக் கேட்டதுதான் அன்னைக்கு நல்ல பிரசங்கம். பிறகு 18ஆம் வசனம், 'நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்', இத மாமா மாதிரி ஆளுங்களுக்கு கொஞ்சம் சத்தமா வாசிங்க.

இங்க கட்டாயம் 1948 வரும். அந்த வருஷம் மே 14 இஸ்ரேல் நாடு உருவாச்சு, தீர்க்கதரிசனம் நிறைவேறிருச்சுனு ஒரு பக்கம், யூதர் கதை முடிஞ்சிருச்சு இப்ப நாங்கதான் இஸ்ரவேல்னு இன்னொரு பக்கம். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு 1948ன்னா வேற ஞாபகம். அந்த வருஷத்து இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம்தான் நம்ம மலையகத் தமிழ்ச் சனத்த நாடில்லாதவங்களா ஆக்குச்சு, 1964ல சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல 525,000 பேரு இந்தியாவுக்கு, 300,000 பேரு இங்கனு பிரிச்சாங்க, மிச்சம் 150,000 பேர பிறகு பாப்போம்னு விட்டாங்க. எங்க அம்மாச்சி இந்த வாதத்த கேட்டுட்டு வெத்தலைய மென்னுக்கிட்டே மாமாகிட்ட கேட்டது, 'அவங்க பேர வெட்டியாச்சுங்குறியே, அப்ப அவங்கள எந்தக் கப்பல்ல ஏத்துனாரு கடவுள்?' ஒடனே சித்தப்பா பக்கம் திரும்பி, 'கவர்மெண்ட் பேப்பர் குடுத்தாதான் இஸ்ரவேலா?' ரெண்டு பேரும் கப்சிப். இந்த ரெண்டு கேள்வியையும் நீங்களும் கேளுங்க, காசில்ல. யூதர தேவன் தள்ளிட்டாருனு சொல்லிச் சொல்லியே ஐரோப்பாவுல நூத்தாண்டுக்கணக்கா அவங்கள அடிச்சாங்க. 1965ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம்னு கூடுன கத்தோலிக்க ஆயர்கள் 'நோஸ்ட்ரா ஏத்தாத்தே' அறிக்கையில, அவங்கள தேவனால சபிக்கப்பட்டவங்கனு காட்டக்கூடாதுனு எழுதி வச்சது சும்மா இல்ல.

ஆயிர வருஷத்துக்கு ஒரு பழைய கலண்டர் தாளு போதும், பின்பக்கம் கோடு போடுங்க. வெளிப்படுத்தல் 20ல 2ல இருந்து 7 வரைக்கும் வசனத்துக்கு ஒருக்கா, ஆறு தரம் 'ஆயிரம் வருஷம்' வருது. இயேசு வந்த பிறகு அந்த ஆட்சினு ஒரு கூட்டம், சுவிசேஷம் பரவி நல்ல காலம் வந்த பிறகுதான் அவரு வருவாருனு ஒரு கூட்டம், அது எண்ணிக்கை இல்ல, சபையோட இந்தக் காலம்தான்னு ஆதிச் சபை ஆயர் அகுஸ்தீன் வழியில ஒரு கூட்டம். போதும், இதுல ரொம்ப நேரம் நிக்காதீங்க.

ரகசிய வருகைனு உபத்திரவத்துக்கு முன்னாடி வர்ற அந்தத் தனி வருகைய ஒரு திட்டமா பரப்புனது 19ஆம் நூத்தாண்டுல ஜான் நெல்சன் டார்பிங்குற போதகர், 1909ல வந்த ஸ்கோஃபீல்ட் பைபிள் குறிப்பு மூலமா ஊரூரா போச்சு. புதுசுங்குறதால பொய்னு சொல்லிராதீங்க, விசுவாசிங்க மேகத்துல எடுத்துக்கொள்ளப்படுவாங்கனு சொல்ற 1 தெசலோனிக்கேயர் 4:17 சித்தப்பா எடுப்பாரு, அது நெஜமாவே அங்க இருக்கு. ஆனா அப்போஸ்தலர் காலத்துல இருந்தே எல்லாரும் இப்படித்தான் நம்புனாங்கனு மட்டும் விடாதீங்க.

வருகைக்குத் தேதி சொல்றதுக்குத் தடை. கதவுலயே எழுதி ஒட்டுங்க. அமெரிக்காவுல மில்லர்ங்குற போதகரோட ஆளுங்க 1844 அக்டோபர் 22னு காத்திருந்தாங்க, 1948ஓட ஒரு தலைமுறை 40 வருஷத்த கூட்டி 1988னாங்க, 2011 மே 21னு அமெரிக்காவுல ரேடியோவுல சொன்னாங்க. மறுநாள் கொழுந்து பறிக்கத்தான் போனோம். மத்தேயு 24:36ல பிதா ஒருவர் தவிர வேற யாருக்கும் தெரியாதுனு நிக்குது, யூடியூப்ல தேதி சொல்ற தம்பிக்கு எங்க இருந்து தெரிஞ்சுச்சாம்.

இரட்சிப்பு கிருபையாலயா கிரியையாலயானு வந்தா கிருபையாலன்னு சொல்ற எபேசியர் 2:8ஐயும் கிரியையாலயும்னு சொல்ற யாக்கோபு 2:24ஐயும் மோத விடாம, மத்தேயு 20ல திராட்சத்தோட்டக் கூலிக்காரங்க உவமைய வாசிங்க. காலையில வந்தவனுக்கும் பதினோராம் மணிவேளைக்கு வந்தவனுக்கும் ஒரே ஒரு பணம். கொழுந்து கிலோ கொறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம் போடுற எடத்துல இத வாசிச்சுப் பாருங்க, 'சாயங்காலம் வந்தவளுக்கு முழுப் பேரா, தொழிற்சங்கத்துல சொல்லணும்'னு ஒரு தங்கச்சி நெசமாவே கோவப்பட்டுச்சு. அந்தக் கோவம் வந்தாதான் கிருபைன்னா என்னானு புரியும், வரலன்னா வசனம் காதோட போயிருச்சுனு அர்த்தம். கூடவே ஒரு விஷயம் சொல்லிவைங்க, 1999 அக்டோபர் 31ல லூத்தரன்காரங்களும் கத்தோலிக்கரும் இதுல ஒரு கூட்டறிக்கையில கையெழுத்து போட்டாங்க, எல்லாம் தீரல, ஆனா அடிப்படை கிருபைதான்னு ஒத்துக்கிட்டாங்க. அத்தைக்கு இது தெரியாது, மாமாவுக்கும் தெரியாது.

ஒம்பது மணிக்கு நிறுத்திருங்க, காலையில பெரட்டு, வேலைக்குப் பேர் குடுக்குற கூட்டம் இருக்கு. பேசி முடியலன்னாலும் பரவால்ல, கடைசி ஜெபத்த அன்னைக்கு யாரு அதிகமா கோவப்பட்டாங்களோ அவங்கள பண்ணச் சொல்லுங்க.

சித்தப்பா மூணு வாரம் கழிச்சு வந்தாரு, டோர்ச்ச வாங்கிக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டு உக்காந்து, வெளிப்படுத்தல் 7ல அந்த 144,000 பேரு யாருனு ஆரம்பிச்சாரு. பன்னெண்டு கோத்திரம், கோத்திரத்துக்கு 12,000, தாண் கோத்திரம் லிஸ்ட்டுல இல்ல. அதுக்குனு தனியா ஒரு ராத்திரி ஒதுக்குங்க, ஃபிளாஸ்க்குல பிளேன்டீ கூடவே ஊத்தி வைங்க.