நாற்பது வயதில் மறுபடி ஷட்டில்: காலைத் தயார் செய்துவிட்டு கோர்ட்டுக்குப் போங்கள்

தெருவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டி ஷட்டில் ஆடி வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று ஆனதும் பேட் பரண்மேல் போய்விடுகிறது. பிறகு ஒருநாள் எடை, சுகர், மாடி ஏறினால் மூச்சிரைப்பு. டாக்டரும் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். இந்த நிலையில் என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சின்ன வயசில் என்ன விளையாடினீங்க?" என்பதுதான். பிடிக்காத பயிற்சியைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் நாலு வாரம் தாங்கும். பிடித்த ஆட்டத்துக்கு விடிவதற்கு முன்பே எழுந்து கிளம்பிவிடுவோம்.

ஆனால் ஷட்டிலுக்குத் திரும்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஆட்டம் கைக்கு மறக்காது. காக் (இறகுப்பந்து) உயரமாக வந்தால் யோசிக்கும் முன்பே பின்னால் ஓடிப்போய் அடித்துவிடுவோம். அந்த வேகத்துக்குக் கால்தான் இன்னும் பழகியிருக்காது. மூச்சு சில வாரங்களில் பிடிபட்டுவிடும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநார்கள் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். "இப்பதான் மூச்சு வாங்காம ஆட முடியுது" என்று உற்சாகமாக ஆடும் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் பலருக்கு அடிபடுகிறது.

படி 1: டாக்டரிடம் ஒரு வார்த்தை

சுகர், பிபி, இதயக் கோளாறு, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் எப்போது சாப்பிட்டுவிட்டு ஆடுவது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஆடும்போது சுகர் சட்டென்று இறங்கலாம்.

படி 2: கோர்ட்டுக்கு முன் கெண்டைக்கால்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. குதிகாலுக்கு மேலே விரலால் பிடித்துப் பார்த்தால் கயிறு போல ஒன்று தட்டுப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநார் அது, அக்கிலீஸ் என்பார்கள். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் ஆடும் முப்பது, நாற்பது வயதுக்காரர்களுக்கு அது அறுந்துபோவது ஷட்டில் கோர்ட்டில் தெரிந்த விபத்துதான். பின்கோட்டருகே தலைக்கு மேல் அடித்துவிட்டு, இடதுகாலை ஊன்றி (வலதுகை ஆட்டக்காரர் என்றால்) முன்னால் பாயும் அந்த நொடியில் நடக்கும். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை என்பார்கள் அடிபட்டவர்கள். அப்படி நேர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது, அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்.

இதற்கான பயிற்சிக்கு வீட்டு மாடிப்படி போதும். படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் பதியும்படி நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு குதிகாலையும் உயர்த்துங்கள். மனதுக்குள் மூன்று எண்ணியபடி மெதுவாக இறக்குங்கள். இறக்கும்போதுதான் தசைநாருக்கு வேலை, அதனால் பொத்தென்று விடாதீர்கள். 15 தடவை செய்தால் ஒரு சுற்று, அப்படி மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு, மூன்று வாரம் கழித்து ஒற்றைக்காலில் செய்யுங்கள். ஒவ்வொரு காலிலும் தனித்தனியாக 20 தடவை வலியில்லாமல் வந்தால் கோர்ட்டுக்குப் போகலாம்.

இதோடு தினமும் அரைமணி நேரம் வேகநடை. கை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முழங்காலுக்கு நல்லது. கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் கொஞ்சம் ஸ்கிப்பிங் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஷூவும் பேட்டும்

பணத்தை ஷூவில் போடுங்கள். ஓடுவதற்கான ஷூவில் குதிகால் உயரமாக இருப்பதால் பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் மடங்கும். இண்டோர் கோர்ட்டுக்கென்று அடிப்பாகம் தட்டையாக, ரப்பர் சோலோடு வரும் ஷூவை வாங்குங்கள். பேட் இலேசானதாக இருந்தால் போதும், ஸ்ட்ரிங் இறுக்கம் 20 முதல் 23 பவுண்டு. இறுக்கம் கூடினால் காக் பறக்கத் தோளைச் சிரமப்படுத்த வேண்டியிருக்கும். பழகும்வரை நைலான் காக் போதும். மொட்டைமாடி சிமென்ட் தரை வேண்டாம். மரத்தளமோ மேட் விரித்த கோர்ட்டோ பாருங்கள்.

படி 4: முதல் மாதம் பாதி கோர்ட்

பத்து நிமிடம் வார்ம் அப் செய்யாமல் பேட்டைத் தொடாதீர்கள். மெல்லோட்டம், பக்கவாட்டு நடை, தோள் சுழற்றல், பிறகு நின்ற இடத்திலேயே சின்னச் சின்னக் குதிப்பு.

முதல் மாதம் பாயிண்ட் எண்ண வேண்டாம். நண்பரோடு பாதி கோர்ட்டில் நின்று நெட்டருகே மெதுவாக விழும் டிராப், அப்புறம் பின்கோடுவரை உயரமாகப் போகும் கிளியர் என்று மாறி மாறி அடியுங்கள். குதித்து ஸ்மாஷ் அடிப்பதை மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். இந்த நாட்களில் கவனமெல்லாம் காலில் இருக்கட்டும். நெட்டை நோக்கி எட்டு வைக்கும்போது முதலில் குதிகால் பதிய வேண்டும். பாதமும் முழங்காலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். முழங்கால் உட்பக்கம் சாய்ந்தால் எட்டைச் சின்னதாக்குங்கள். பின்னால் போகும்போது முதுகுப்பக்கமாக ஓடாமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களை இழுத்து வைத்துப் போங்கள். காக் எட்டாது என்றால் விட்டுவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனாலும் விடுங்கள்.

படி 5: மாறிய விதிகள்

நீங்கள் ஆடிய நாளில் சர்வீஸ் போடுபவருக்கு மட்டும்தான் பாயிண்ட், ஆட்டம் 15 பாயிண்ட். 2006-இல் அது மாறி, யார் ராலியை (சர்வீஸிலிருந்து காக் விழும்வரை மாறி மாறி அடிப்பது) ஜெயித்தாலும் பாயிண்ட், ஆட்டம் 21 என்று ஆனது. ஒருவர் 11 தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை. உள்ளூர் ஆட்டத்தில் பலர் இதை எடுப்பதே இல்லை. நீங்கள் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

படி 6: எத்தனை நாள், எவ்வளவு வலி

வாரத்தில் மூன்று நாள், நடுவே ஒருநாள் ஓய்வு. முதலில் அரைமணி, பிறகு முக்கால்மணி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் விடாமல் ஆடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான பழக்கம்.

தொடை, பிட்டத்தில் இரண்டு நாள் இருந்து போகும் வலி இயல்பானது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்தால், அந்த வாரம் ஆட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் படிக்கட்டுப் பயிற்சியை மட்டும் மெதுவாகத் தொடருங்கள். விறைப்பு நாளுக்கு நாள் கூடினால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். ஆடும்போது நெஞ்சில் அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே உட்கார்ந்துவிடுங்கள், கூட ஆடுபவரிடம் சொல்லி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போனால் டபுள்ஸில் இறங்கலாம். பாதி கோர்ட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பார். சிங்கிள்ஸ் ஆட ஆறு மாதமாவது போகட்டும்.